காண்ட்ராக்டர் ஓடிவிட்டால் சம்பளம் யார் தருவது? – வாசகர் கேள்வி பதில்

காண்ட்ராக்ட் ஆட்கள், பீஸ் ரேட் டெய்லர்கள், டிரெய்னிகள், வெளிமாநிலத் தொழிலாளர்கள் என்று நிரந்தரமில்லாத வேலையாட்களை வைத்துத் தொழில் நடத்துபவர்கள் தங்கள் சட்டச் சந்தேகங்களை எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். திருப்பூர், கோவை, நாமக்கல், ஈரோடு பக்கமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஊரும் தொழிலும் வேறு வேறு, ஆனால் பெரும்பாலான கடிதங்களில் ஓடுகிற நம்பிக்கை ஒன்றுதான்: ‘ஆள் என் ரிஜிஸ்டரில் இல்லை, அதனால் பொறுப்பு என்னுடையதில்லை.’ இதை நம்பி ஆண்டுக்கணக்கில் தொழில் செய்தவர்கள் ஒரே ஒரு நோட்டீஸில் சேமிப்பையெல்லாம் இழந்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால் சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும்.

பதில்களுக்குள் போகும் முன் ஒன்று. மத்திய அரசின் 29 தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்துச் செய்த 4 சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. புதிய விதிகள் முழுதாக வரும் வரை பழைய விதிகள், முரண்படாத அளவுக்கு, தொடரும். ‘பழைய சட்டம் போயிடுச்சு, புதுசு இன்னும் வரலை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடிதம் எழுதியவர்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

வணக்கமுங்க. பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங்குக்குச் சொந்த ஆட்கள் 40 பேர். தையல் மட்டும் காண்ட்ராக்ட். பவர் டேபிள் (மோட்டார் தையல் மிஷின்) காண்ட்ராக்டர் ஒருத்தர், டெய்லர்களுக்கு உதவும் கைமடி ஆட்களையும் சேர்த்து 30 பேரைக் கூட்டி வந்து எங்கள் மிஷினிலேயே பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுப்பார். பொங்கலுக்கு முன்னால் இரண்டு வாரப் பணத்தை வாங்கிக்கொண்டு போனவர் இன்றுவரை போனை எடுக்கவில்லை. டெய்லர்கள் கேட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருமுறை கொடுத்த பணத்தைத் திரும்பவும் கொடுக்க வேணுமுங்களா? 50 பேருக்குக் கீழே இருந்தால் காண்ட்ராக்ட் சட்டமே பொருந்தாது என்று ஆடிட்டர் சொல்கிறார்.
– திருப்பூர்

கொடுக்கத்தான் வேண்டும், அதுவும் உடனே. ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போவது உங்களுக்கு எவ்வளவு கசக்கும் என்று தெரியும், ஆனால் அந்த 30 பேர் இன்னும் ஒருமுறைகூட வாங்கவில்லை. சட்டம் அவர்கள் பக்கமிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறது.

ஆடிட்டர் சொன்னது பாதிதான் சரி. 1970-ஆம் ஆண்டின் காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டம் 20 பேரிலேயே தொடங்கியது, புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் அது 50 ஆகியிருக்கிறது. ஆனால் இந்த 50 என்கிற எண்ணிக்கை காண்ட்ராக்டருக்கு லைசென்ஸ் வேண்டுமா, எந்தெந்த வேலைக்குக் காண்ட்ராக்ட் ஆள் வைக்கலாம் என்கிற பகுதிக்கு மட்டும்தான். சம்பளத்தைப் பற்றிப் பேசுவது ஊதியத் தொகுப்பு, அதில் இந்த 50 கணக்கு கிடையாது. ஆளைக் கூட்டி வந்தவர் சம்பளம் கொடுக்கவில்லை என்றால் அந்த ஆள் எந்த நிறுவனத்தில் வேலை பார்த்தாரோ அந்த நிறுவனத்தின் உரிமையாளர் கொடுக்க வேண்டும் என்று அது நேரடியாகவே சொல்கிறது. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 20 பேரிலும் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) 10 பேரிலும் தொடங்கிவிடும், இரண்டிலும் உங்கள் 40 பேரோடு தையல் ஆட்கள் 30 பேரையும் சேர்த்து 70 என்றுதான் எண்ணுவார்கள். காண்ட்ராக்டர் கட்டாத இஎஸ்ஐ பங்கை முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு அவரிடம் வசூல் செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் 1948 முதல் இருக்கிற ஏற்பாடு. உங்கள் காண்ட்ராக்டர் இஎஸ்ஐ, பிஎஃப் கட்டினாரா என்பதைப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இரண்டு வாரச் சம்பளத்தைவிட எனக்கு அதுதான் அதிகக் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் பிஎஃப் அலுவலகம் விசாரணை தொடங்கினால் பழைய வருடங்களையும் சேர்த்துக் கேட்கும், 12 சதவீத வட்டியும் அதற்கு மேல் அபராதமும் வரும்.

இதைவிடப் பெரிய கேள்வி, அந்த 30 பேர் உண்மையில் யாருடைய ஆட்கள் என்பது. இடம் உங்களுடையது, மிஷின் உங்களுடையது, நூலும் துணியும் உங்களுடையது, எந்த ஸ்டைலை எப்போது முடிக்க வேண்டும் என்று சொல்வது உங்கள் சூப்பர்வைசர், தையல் கோணினால் பிரித்துத் தைக்கச் சொல்வதும் அவரே. காண்ட்ராக்டர் கொண்டுவந்தது ஆட்களை மட்டும்தான். இந்த மாதிரி நேரத்தில் நீதிமன்றம் ஒப்பந்தத் தாளை ஓரமாக வைத்துவிடும். 1978-இல் கோழிக்கோட்டுக் கயிறு ஆலை வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் சொன்னது இதைத்தான்: இடையில் எத்தனை காண்ட்ராக்டர் இருந்தாலும், தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி. அதற்கு முன்பே, 1973-இல், ஒரு தையல் கடை வழக்கில் உச்ச நீதிமன்றம் பீஸ் ரேட் டெய்லர்களைக் கடையின் தொழிலாளர்கள் என்று தீர்ப்பளித்திருக்கிறது. அந்த டெய்லர்கள் வரும் நேரம் போகும் நேரம்கூட அவர்கள் இஷ்டம், சிலர் துணியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தைத்தார்கள், இருந்தும் மிஷின் கடையுடையது, தைத்ததை நிராகரிக்கும் உரிமை கடைக்காரருக்கு இருந்தது என்பதே போதுமானதாக இருந்தது. 2001-இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் அரசியல் சாசன அமர்வு, காண்ட்ராக்ட் ஆட்கள் தானாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று முதலாளிகளுக்குச் சாதகமாகச் சொன்னது உண்மை. ஆனால் காண்ட்ராக்ட் வெறும் போர்வை என்று நிரூபணமானால் அவர்கள் ஆரம்பத்திலிருந்தே உங்கள் ஆட்கள்தான் என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. முதல் பாதியை மட்டும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. புரொடக்‌ஷன் சீட்டை வைத்து ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, 30 பேருக்கும் அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். காண்ட்ராக்டருக்கு இன்னும் கொடுக்காத பில் இருந்தால் அதில் பிடித்துக்கொள்ளுங்கள், மிச்சத்துக்கு வக்கீல் நோட்டீஸ், போலீஸ் புகார் இரண்டும் கொடுங்கள். இனிமேல் யாரை வைத்தாலும் போன வாரப் பட்டுவாடா கணக்கும், இஎஸ்ஐ பிஎஃப் சலானும், அந்தச் சலானில் இருக்கும் பெயர்களும் உங்கள் கேட் ரிஜிஸ்டரில் இருக்கும் பெயர்களும் ஒத்துப்போவதைப் பார்த்த பிறகே அடுத்த பில் பாஸ் ஆக வேண்டும். சலான் மட்டும் பார்த்தால் போதாது. 30 பேர் வேலை செய்ய 12 பேருக்குச் சலான் கட்டுகிற காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள்.

ஆர்டர் கூடிக் குறைகிற தொழிலில் நிரந்தரமாக ஆளெடுக்கப் பயமாக இருக்கிறது என்பீர்கள். அதற்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்து நீங்களே நேரடியாக வேலைக்கு எடுக்கலாம். காலம் முடிந்தால் வேலை தானாக முடியும், அது ஆட்குறைப்பு ஆகாது. ஆனால் அந்தக் காலத்தில் நிரந்தர ஆளுக்கு உள்ள சம்பளமும் சலுகைகளும் அவருக்கும் உண்டு, ஒரு வருடம் முடித்தாலே பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு. காண்ட்ராக்டர் கமிஷனைக் கழித்துப் பார்த்தால் செலவு பெரிதாக ஏறாது, நிம்மதியும் இருக்கும். நாளைக்கே காண்ட்ராக்ட் ஆட்கள் 50-ஐத் தொட்டால் லைசென்ஸ் இல்லாத காண்ட்ராக்டரின் ஆட்கள் உங்கள் ஆட்களாகவே கருதப்படுவார்கள் என்பதையும், உங்களுக்கு மையமான வேலையான தையலில் காண்ட்ராக்ட் ஆள் வைக்கவே திடீர் ஆர்டர் போன்ற சில விலக்குகள் மட்டும்தான் உண்டு என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குறிச்சி சிட்கோவில் சின்ன பிரஸ் ஷாப். என் ஆட்கள் 9 பேர்தான், அதனால் இஎஸ்ஐ எடுக்கவில்லை. ஏஜென்ட் ஒருவர் அனுப்பும் ஹெல்பர்கள் 4 பேர் தினமும் வருவார்கள். அதில் ஒரு பையனுக்குப் பவர் பிரஸ்ஸில் வலது கைக் கட்டைவிரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிச் செலவு நான்தான் பார்த்தேன். ஏஜென்ட் ‘அது உங்க இடத்துல நடந்தது’ என்கிறார். எனக்கு எவ்வளவு பொறுப்பு?
– கோவை

முதலில், ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தது நல்ல காரியம். அதோடு நின்றுவிடாதீர்கள், அந்தப் பையனின் கை இனி முன்போல் வேலை செய்யாது.

உங்கள் கணக்கு 9 அல்ல, 13. பட்டறைக்குள் யார் மூலம் வந்தவரானாலும் தலை ஒன்றுக்கு ஒன்றுதான், ஆகவே நீங்கள் இஎஸ்ஐ வரம்புக்குள் எப்போதோ வந்துவிட்டீர்கள். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருக்கிற ஒவ்வொருவருக்கும் உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75 சதவீதம். 12,000 சம்பளத்துக்கு நீங்கள் கட்டியிருக்க வேண்டியது 390 ரூபாய். அதைக் கட்டியிருந்தால் இந்த விபத்துக்கான சிகிச்சை, வேலைக்கு வரமுடியாத நாட்களுக்கான பணம், ஊனத்துக்கு வாழ்நாள் முழுவதும் மாதாந்திரத் தொகை எல்லாம் இஎஸ்ஐயின் பொறுப்பாகப் போயிருக்கும். வேலையில் அடிபட்டால் இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. இப்போதும் அந்தப் பையன் இஎஸ்ஐயில் கேட்கலாம், இஎஸ்ஐ கார்ப்பரேஷன் கொடுத்துவிட்டு, பழைய பாக்கி, வட்டி, கொடுத்த பலனின் மதிப்பு என்று உங்களிடம் வசூலிக்க வரும்.

இஎஸ்ஐ பொருந்தாத, 10 பேருக்குக் கீழ் உள்ள பட்டறைகளும் இதே தெருவில் நிறைய இருக்கும், அவர்களுக்காகவும் ஒரு கணக்குச் சொல்கிறேன். அங்கே இழப்பீட்டுச் சட்டம் பேசும். கட்டைவிரல் இழப்புக்கு 30 சதவீத உழைப்புத்திறன் இழப்பு என்று அட்டவணையே இருக்கிறது. 30 வயது ஆள், கணக்கில் எடுக்கும் உச்சச் சம்பளமான 15,000 என்றால் அதில் 60 சதவீதம் 9,000, வயதுக்கான காரணி 207.98, அதில் 30 சதவீதம்: 5,61,546 ரூபாய். அதே ஆள் இறந்திருந்தால் 60-க்குப் பதில் 50 சதவீதக் கணக்கில் 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணமின்றி இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதம். காண்ட்ராக்டரின் ஆள் என்றாலும் அவர் நேராக உங்கள் மேலேயே கேட்கலாம், ஏஜென்ட்டிடம் வாங்கிக்கொள்வது உங்கள் பாடு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பின்தேதி போட்டு ரிஜிஸ்டர் எழுதவோ, ‘வாசலில் வழுக்கி விழுந்தார்’ என்று ஆஸ்பத்திரியில் சொல்லவோ வேண்டாம். அதைச் சொல்லித் தருகிறவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். பாக்கியாக முடிய வேண்டியது குற்ற வழக்காக மாறுவது அங்கேதான். இன்றே பதிவு செய்யுங்கள், விபத்து அறிக்கையை உள்ளபடி கொடுங்கள், அந்தப் பிரஸ்ஸுக்குப் பாதுகாப்புத் தடுப்பு போடும்வரை ஓட்டாதீர்கள்.

எங்கள் ஸ்பின்னிங் மில்லில் 180 பேர். அதில் பாதிக்கு மேல் டிரெய்னிப் பெண்கள், ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறார்கள், 3 வருட ஒப்பந்தம். வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் பிரேக் கொடுத்துத் திரும்ப எடுப்போம். இப்போது இரண்டு பெண்கள் நிரந்தரம் கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். பிரேக் கொடுத்தால் சிக்கல் இல்லை என்றுதானே எல்லா மில்லும் செய்கிறது?
– உடுமலை பக்கம், மில் மேலாளர்

எல்லா மில்லும் செய்வதால் அது சரியாகிவிடாது. தமிழ்நாட்டுக்கென்றே 1981-இல் ஒரு சட்டம் வந்தது, தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி அளிக்கும் சட்டம். 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். புதிய தொகுப்புகள் ரத்து செய்தது மத்தியச் சட்டங்களைத்தான், இது மாநிலச் சட்டம், அப்படியே இருக்கிறது.

உங்கள் பிரேக்கைப் போட்டே கணக்குப் பாருங்கள். 24 மாதத்தில் 730 நாள். வாரவிடுமுறை 104 போனால் 626. வருடம் ஒரு மாதம் என்று இரண்டு பிரேக்குக்கும் சேர்த்து 52 வேலைநாட்களைக் கழித்தாலும் 574 நிற்கும். பண்டிகை லீவெல்லாம் கழித்தாலும் 480-ஐத் தாண்டிவிடுகிறார்கள். அந்தப் பெண்கள் கேட்டது நியாயமான கோரிக்கை, அதற்காக அவர்களை நிறுத்தினால் இன்னொரு வழக்குச் சேரும்.

டிரெய்னி என்ற பெயரும் காப்பாற்றாது. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவு செய்த ஒப்பந்தம், வரையறுத்த பாடத்திட்டம், காலம், உதவித்தொகை இருந்தால்தான் அவர் பயிற்சியாளர். நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் மற்றவர்களோடு நின்று அதே ஷிப்ட் ஓட்டுகிறவர் தொழிலாளி, அவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம், மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி, பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை முறையான அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். பாதிக்கு மேல் டிரெய்னி என்று நீங்களே எழுதியிருப்பது, ஆய்வாளர் பார்த்தால் முதல் கேள்வியாக வரும்.

3 வருட முடிவில் மொத்தமாகத் தருகிறோம் என்று சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நம் பக்கத்து மில்களில் நடந்ததும், அதனால் வெளிநாட்டு பையர்கள் (துணி வாங்கும் கம்பெனிகள்) இந்த வட்டாரத்து நூலையே சந்தேகமாகப் பார்த்ததும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7 தேதிக்குள் முழுதாகப் போக வேண்டும், கல்யாணத்துக்கு என்று முதலாளி எடுத்து வைக்க உரிமையில்லை. ஹாஸ்டலுக்கு 2014 தமிழ்நாடு விடுதிகள் சட்டப்படி லைசென்ஸ் இருக்கிறதா பாருங்கள். வார லீவில் வெளியே போகவோ வீட்டுக்குப் போன் பேசவோ தடுத்தால் அது சட்டவிரோதமாகப் பூட்டி வைத்த குற்றம், கேட் கீப்பரில் தொடங்கி மேலாளர் வரை பெயர் சேரும். 2013 சட்டப்படி பாலியல் புகார்களை விசாரிக்கும் குழுவும் கட்டாயம், டிரெய்னியும் காண்ட்ராக்ட் ஆளும் அதில் புகார் கொடுக்கலாம்.

தறிப்பட்டறை வைத்திருக்கிறேனுங்க. ஒரு தறிக்காரர் 70,000 அட்வான்ஸ் வாங்கிவிட்டு, பாக்கி கழியும் முன்னே வேறு பட்டறைக்குப் போகிறேன் என்கிறார். ஆதார் கார்டு என்னிடம் இருக்கிறது. புதுப் பட்டறைக்காரர் பாக்கியைக் கட்டிவிட்டுக் கூட்டிப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். இதில் தப்பில்லைதானே?
– பள்ளிபாளையம்

கடிதத்தைப் படித்த கையோடு ஆதாரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

அட்வான்ஸ் கொடுப்பது குற்றமில்லை. அட்வான்ஸைக் காட்டி ‘நீ வேறிடத்துக்குப் போகக் கூடாது’ என்று தடுக்கிறீர்களே, அந்த நிமிடம் அது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரித்து விடுவிப்புச் சான்று கொடுத்துவிட்டால் அந்த 70,000 ரூபாய்க் கடன் சட்டப்படி அழிந்துவிடும், கேட்டு வழக்குப் போடக்கூட முடியாது, அதோடு 3 வருடம் வரை சிறைத் தண்டனையும் இருக்கிறது. புதுப் பட்டறைக்காரரிடம் பாக்கியை வாங்கிக்கொண்டு ஆளை அனுப்புவது நம் பக்கத்தில் பழகிப்போன ஒன்று, அது மனிதரைக் கைமாற்றுவதுதான், நீங்களும் புதுப் பட்டறைக்காரரும் சேர்ந்தே மாட்டுவீர்கள்.

அவரைப் போக விடுங்கள். எழுத்தில் கடன் ஒப்புதல் இருந்தால், மாதம் இவ்வளவு என்று பேசித் தீர்க்கப் பாருங்கள், இல்லையென்றால் சாதாரணக் கடனாக சிவில் கோர்ட்டில் கேளுங்கள். இருக்கிற ஆட்களுக்கு அட்வான்ஸைக் கழிப்பதாக இருந்தால் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, கைக்குப் போகிற கூலி மீட்டர் கணக்கில் எவ்வளவு வந்தாலும், வேலை செய்த நேரத்தை வைத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தோடு ஒத்துப் பாருங்கள். அதற்குக் குறைவாகக் கொடுத்து வாங்கும் உழைப்பு கட்டாய உழைப்பு என்று 1982-இல் ஏசியாட் (ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் கம்பெனி. 14 பேர் ரோலில், 9 பேர் கன்சல்டன்ட் என்று 10 சதவீத டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக் கொடுக்கிறோம். அவர்களும் தினமும் ஆபீஸ் வந்து எங்கள் லேப்டாப்பில்தான் வேலை செய்கிறார்கள். பிஎஃப் மிச்சமாகிறது. இதில் ஆபத்து என்ன?
– கோவை

இரண்டு பக்கமும் ஆபத்து. தினமும் வருகிறார், உங்கள் லேப்டாப், உங்கள் டீம் லீடர், லீவுக்கு உங்கள் அனுமதி, வேறு வாடிக்கையாளர் கிடையாது என்றால் டிடிஎஸ் எந்தப் பிரிவில் பிடித்தாலும் அவர் ஊழியர்தான் என்று பிஎஃப் அலுவலகம் சொல்லும். அப்போது 14-உடன் 9 சேர்ந்து 23, பிஎஃப் பொருந்தும். புதிதாகச் சேரும்போதே 15,000-க்கு மேல் வாங்கிய, முன்பு உறுப்பினராக இல்லாத சிலருக்கு மட்டும் விலக்கு கிடைக்கலாம். பெண்களுக்குப் பேறுகால விடுப்பு, ஐந்து வருடம் ஆனவர்களுக்குப் பணிக்கொடை என்று பின்னாலேயே வரும்.

இன்னொரு பக்கத்தை யாரும் யோசிப்பதில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய புரோகிராம் கம்பெனிக்குச் சொந்தம். வெளி ஆள் எழுதியது, நீங்கள் முழுப் பணம் கொடுத்திருந்தாலும், கையெழுத்திட்ட உரிமை மாற்றப் பத்திரம் இல்லாவிட்டால் அவருக்கே சொந்தம். பத்திரம் இருந்து அதில் காலம் எழுதவில்லையென்றால் 5 வருடம்தான், இடம் எழுதவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அமெரிக்க வாடிக்கையாளருக்கு நீங்கள் விற்ற சாஃப்ட்வேரின் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்பதே கேள்வியாகிவிடும். ‘அவர் எங்கள் ஊழியர், அதனால் கோட் எங்களுடையது’ என்று கோர்ட்டில் சொன்னால் அந்த வாக்குமூலத்தையே பிஎஃப் அதிகாரி எடுத்துக்கொள்வார். உண்மையில் ஊழியராக இருப்பவரை ரோலுக்கு மாற்றுங்கள், உண்மையிலேயே வெளியில் இருந்து பல பேருக்கு வேலை செய்பவரிடம் மட்டும் ஒழுங்கான பத்திரம் போடுங்கள்.

பிசிறு வெட்டவும் பட்டன் வைக்கவும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு மூட்டையாகக் கொடுத்து அனுப்புகிறோம். வீட்டில் உட்கார்ந்து செய்பவர்களுமா எங்கள் தொழிலாளர்கள்?
– அவிநாசி

ஆகலாம். வீட்டில் பீடி சுற்றியவர்களை, சுற்றியதை நிராகரிக்கும் உரிமை கம்பெனியிடம் இருந்ததால், பிஎஃப் சட்டத்துக்குக் கம்பெனியின் ஊழியர்கள் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வருடக்கணக்கில் அதே பெண்கள், உங்களுக்கு மட்டும், உங்கள் பீஸுக்கு என்றால் உங்கள் நிலையும் அதுதான். நோட்டுப் போட்டு யாருக்கு எத்தனை பீஸ், எவ்வளவு கூலி என்று எழுதி வையுங்கள்.

கோழிப்பண்ணையில் ஒடிசாக் குடும்பங்கள் தங்கி வேலை செய்கிறார்கள். குடும்பத்துக்கு ஒரே சம்பளம், கணவர் பேரில் கொடுக்கிறோம். பிள்ளைகள் முட்டை பொறுக்க ஒத்தாசை செய்வார்கள். இது குடும்ப வேலைதானே?
– நாமக்கல்

மனைவி வேலை செய்தால் அவர் தனித் தொழிலாளி. அவர் பெயரில் தனிச் சம்பளம், ஆணுக்குச் சமமாக, அவருடைய கணக்கிலேயே போக வேண்டும். பிள்ளைகளை உடனே நிறுத்துங்கள். சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளை உதவலாம் என்று 2016 திருத்தம் சொல்வது அந்தக் குடும்பத்தின் சொந்தத் தொழிலுக்கு மட்டும், உங்கள் பண்ணை அவர்களுடைய தொழில் அல்ல. 14 வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை இருந்தாலும் 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, 20,000 முதல் 50,000 வரை அபராதம். பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்க்க நீங்களே முன்னால் நில்லுங்கள், மொழி தெரியாத ஊரில் அவர்களாகப் போய்க் கேட்கமாட்டார்கள்.

முதலாளிகளுக்கு மட்டும்தான் பதில் சொல்வீர்களா? நான் காண்ட்ராக்ட் தொழிலாளி. மூன்று வருடமாக ஒரே பேக்டரியில் வேலை, ஆனால் காண்ட்ராக்டர் பெயர் மூன்று முறை மாறிவிட்டது. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எதுவும் இல்லை. நாளைக்கு நிறுத்திவிட்டால் நான் அங்கே வேலை செய்ததையே எப்படி நிரூபிப்பது?
– பெருந்துறை

உங்களுக்கும்தான், உங்கள் கடிதத்தை முதலாளிகளும் படிக்க வேண்டும் என்றே போட்டிருக்கிறேன்.

காண்ட்ராக்டர் பெயர் மாறி ஆள் மாறாமல் இருப்பதே, காண்ட்ராக்ட் வெறும் போர்வை என்று காட்டும் முக்கியமான சாட்சி. யுஏஎன் (பிஎஃப் கணக்கு) எண் இருந்தால் உமங் செயலியில் பிஎஃப் பாஸ்புக்கை இறக்கிப் பாருங்கள், எந்தெந்த நிறுவனத்தின் பெயரில் எத்தனை மாதம் கட்டியிருக்கிறார்கள் என்று வரும். சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் அறிக்கை, இஎஸ்ஐ அட்டை, கம்பெனி பஸ் பாஸ், சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் ஷிப்ட் போட்ட செய்திகள், யூனிஃபார்மில் எடுத்த படம், எல்லாவற்றையும் போனில் மட்டும் வைக்காமல் வேறு இடத்திலும் சேமித்து வையுங்கள். கூட வேலை பார்க்கும் இருவர் மூவரின் முழுப்பெயரும் ஊரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஊழியருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது இப்போது சட்டம், எழுத்தில் கேளுங்கள், கேட்டதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திவிட்டால் இரண்டு வேலைநாளுக்குள் பாக்கிச் சம்பளம் முழுவதும் வர வேண்டும். புகார் எழுதும் நிலை வந்தால் காண்ட்ராக்டர் பெயரோடு பேக்டரியின் பெயரையும் எதிர்த்தரப்பில் சேர்க்க மறக்காதீர்கள், காண்ட்ராக்டர் பெயரை மட்டும் எழுதிய மனுக்கள்தான் ஆளைக் காணோம் என்று வருடக்கணக்கில் கிடக்கின்றன.